அத்தைக்குக் கொடுத்தது

பதினான்காவது கேள்வியை நான் வாசித்தபோது அப்பா கையிலிருந்த மோட்டாரை நிறுத்தினார். அதுவரை பட்டறை முழுக்க அதன் இரைச்சல்தான் இருந்தது. ஒரு கீழ்ப்பல் செட்டின் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இளஞ்சிவப்புத் தூள் அவருடைய முன்கை முடியில் படிந்திருந்தது.

"இன்னொரு தடவை படி."

"கடந்த இரண்டு ஆண்டுகளில் உறவினர் எவருக்கேனும், கடனைத் திருப்பிச் செலுத்தும் வகையிலோ அன்பளிப்பாகவோ பெருந்தொகை கொடுத்துள்ளீரா? ஆம் எனில் பெயர், முகவரி, உறவுமுறை, தேதி, தொகை."

அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "உறவுமுறை கூடவா கேக்கறான்?"

"ஆமாப்பா. தனியா ஒரு கட்டம் இருக்கு."

"அடுத்ததுக்குப் போ. இதைக் கடைசியில பாத்துக்கலாம்."

ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் பதினைந்துக்குப் போனேன். மோட்டார் மறுபடி இரைந்தது. ஞாயிற்றுக்கிழமைக் காலை. தெருவில் யாரோ வண்டி கழுவும் தண்ணீர் எங்கள் வாசல் வரைக்கும் ஓடி வந்துகொண்டிருந்தது.

முப்பத்திரண்டு பக்கப் படிவம் அது. மேலே தடித்த எழுத்தில் திவால் மனு என்று இருந்தது. ஜனங்கள் இதை மஞ்சக் கடுதாசி என்பார்கள். வக்கீல் அலுவலகத்திலிருந்து நான் அதை வாங்கி வந்த அன்று அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் திருப்பிப் பார்த்தாள். "வெள்ளையாத்தானே இருக்கு" என்றாள். தண்டனையில் ஏதோ கொஞ்சம் குறைந்துவிட்டதுபோல அவள் குரலில் ஒரு சின்ன ஆறுதல் இருந்தது. படிவத்தை நான்தான் நிரப்ப வேண்டும் என்று யாரும் சொல்லாமலேயே முடிவாகியிருந்தது. வீட்டில் கையெழுத்து அழகாக இருப்பது எனக்குத்தான். தவிர, தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்கக் கட்டம் கட்டமாக எழுதுவதுதான் என் உத்தியோகம். எதிர்பார்த்த அளவு வராவிட்டாலும் வந்த அளவைத்தான் எழுத வேண்டும். யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை.

அப்பா பல் செட் செய்கிறவர். பல் டாக்டர்கள் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள். அப்பா அதில் பிளாஸ்டர் மாவு ஊற்றி அச்செடுத்து, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, வேகவைத்து, தேய்த்து, பளபளப்பாக்கித் திருப்பி அனுப்புவார். தெருவில் அவருக்குப் பல்லுக்காரர் என்று பெயர். யாரைப் பார்த்தாலும் முதலில் பல்லைத்தான் பார்ப்பார். முகம் மறந்துபோனவர்களைக்கூட ஓட்டைப்பல்லை வைத்து ஞாபகப்படுத்திக்கொள்வார். ஏழு வருஷத்துக்கு முன்னால் பெரிய நிறுவனங்கள் இந்தத் தொழிலுக்குள் வந்தன. வாய்க்குள் காமிராவை விட்டு அளவெடுத்து, கம்ப்யூட்டரில் வரைந்து, இயந்திரத்தில் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் பல்லைச் செதுக்கித் தந்துவிடும். அப்பாவும் அப்படி ஒன்று வாங்கினார். பெரும்பகுதி வங்கிக் கடன். கூடவே அத்தை கொடுத்த ஆறு லட்சம். அத்தை அப்பாவுக்குப் பத்து வயது மூத்தவள், மருத்துவமனையில் துணி வெளுக்கும் பகுதியின் சூப்பர்வைசராக இருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தாள். இயந்திரம் நன்றாகவே ஓடியது. வேலைதான் வரவில்லை. 'திவாலுக்கான காரணம்' என்று படிவத்தில் ஆறு வரி விட்டிருந்தார்கள். அப்பா ஒரு வரியில் முடித்துக்கொண்டார். இயந்திரம் வாங்கினேன், வேலை வரவில்லை.

அத்தைக்கு வாய் நீளம். குடும்பத்தில் நாலு பேர் கூடுகிற இடத்தில் எல்லாம், "என்ன தம்பி, உன் மிஷின் சுத்துதா, இல்ல என் பணம் மட்டும்தான் சுத்துதா?" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். அப்பாவும் சிரிப்பார். அம்மா மட்டும் சிரிக்க மாட்டாள். வீட்டுக்கு வந்து பாத்திரங்களை வைக்கிற சத்தத்தில் தெரியும்.

நாலு மாதத்துக்கு முன்னால், ரொம்ப நாளாகப் பாக்கி வைத்திருந்த ஒரு பல் மருத்துவமனை மூடப்போகிற நேரத்தில் எங்களுக்கு மொத்தமாகத் தீர்த்தது. ஆறே கால் லட்சம். அதற்குள் இனி எழுந்திருக்க முடியாது என்பது அப்பாவுக்குத் தெரிந்துவிட்டிருந்தது. மெழுகும் அட்டையில் வரும் செயற்கைப் பற்களும் கொடுத்த கம்பெனிக்குக் கொஞ்சம், வங்கிக்குக் கொஞ்சம் என்று ஒரு தாளில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். அம்மா அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"முதல்ல உங்க அக்காவுக்கு. முழுசா."

"வங்கியில நோட்டீஸ் மேல நோட்டீஸ் அனுப்பறான்."

"வங்கிக்காரன் திட்டினா யாரோ திட்டறான்னு போயிடலாம். உங்க அக்காவுக்குக் குடுக்காம விட்டா, நான் செத்தாக்கூட என் தலைமாட்டுல வந்து நின்னு மிஷின் சுத்துதான்னு கேப்பாங்க."

அப்பா போனை என்னிடம் நீட்டினார். நான்தான் அத்தையின் கணக்கு எண்ணையும் தொகையையும் அடித்தேன். 'குறிப்பு' என்று கீழே ஒரு கட்டம் இருந்தது. காலியாக விட்டாலும் பணம் போகும். எனக்கு எந்தக் கட்டத்தையும் காலியாக விட்டுப் பழக்கமில்லை. 'கடன் முழுவதும் தீர்ந்தது' என்று அடித்து அனுப்பினேன். அன்று மதியம் அம்மா வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கினாள். கடன்காரர்கள் வரத் தொடங்கியதிலிருந்து அந்தக் கதவு பகலில் திறந்திருந்ததில்லை.

ஆனால் அதற்குப் பிறகு அத்தை எங்கள் வீட்டுக்கு வரவில்லை. முன்பெல்லாம் ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை வருவாள். இப்போது போன் செய்தாலும் "வேலையா இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாள். ஓய்வு பெற்றவளுக்கு என்ன வேலை என்று அம்மா கேட்டாள். பிறகு அவளே பதிலும் கண்டுபிடித்துக்கொண்டாள். "காசுதான் அவங்களை இங்க வரவெச்சிருக்கு. வட்டிக்குப் பதிலா நம்ம மூஞ்சியைப் பாத்துட்டுப் போயிருக்காங்க."

திங்கட்கிழமை நானும் அப்பாவும் வக்கீலிடம் போனோம். அந்தப் பெண்மணிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மேசையில் கோப்புகளுக்கு நடுவே ஒரு குழந்தையின் ஒற்றை ஷூ இருந்தது. படிவத்தை வேகமாகப் புரட்டிக்கொண்டே வந்தவர், பதினான்கில் நின்றார்.

"இங்க ஏன் வெறும் புள்ளி?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் ஷூவைப் பார்த்தேன். வக்கீல் எங்கள் வங்கிக் கணக்குத் தாள்களை எடுத்து, தேடாமலேயே ஒரு வரியில் விரலை வைத்தார்.

"இதுதானே? கடன் முழுவதும் தீர்ந்ததுன்னு தெளிவாவே போட்டிருக்கே. யார் எழுதினது?"

"நான்தான்" என்றேன்.

"நல்ல பழக்கம்தான்" என்றார். சிரிக்கவில்லை.

"நான் வாங்கின கடனைத்தானேம்மா குடுத்தேன்? திருடலையே" என்றார் அப்பா.

"திருட்டுன்னு யாரும் சொல்லல சார். உங்களுக்குக் கடன் குடுத்தவங்க எட்டுப் பேர் வரிசையில நிக்கறாங்க. நீங்க ஒருத்தரை மட்டும் பின்வாசல் பக்கமா கூப்பிட்டு முழுசா குடுத்து அனுப்பிட்டீங்க. அதுவும் கூடப்பிறந்தவங்களை. கோர்ட் நியமிக்கிற அதிகாரி அந்தப் பணத்தைத் திரும்ப வாங்கி எட்டுப் பேருக்கும் பிரிச்சுக் குடுப்பார். உங்ககிட்ட கேக்க மாட்டார். உங்க அக்காகிட்டதான் கேப்பார். அவங்களுக்கு நேரா லெட்டர் போகும்."

"இதை எழுதாம விட்டா?"

"எல்லாக் கடனும் அப்படியே உங்க தலையில நிக்கும். மறைச்சதுக்குத் தனியா கேஸ் வரும். உள்ள போகவேண்டியும் வரலாம். இந்த வயசுல அது வேண்டாம் சார்." படிவத்தை மூடி எங்கள் பக்கம் நகர்த்தினார். "வெள்ளிக்கிழமை தாக்கல் பண்ணணும். வியாழக்கிழமைக்குள்ள நிரப்பிடுங்க."

அப்பா எழுந்தார். உடனே போகாமல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். "தூக்கத்துல பல்லைக் கடிக்கிறீங்களாம்மா?"

"எப்படித் தெரியும்?"

"கோரைப்பல்லு முனை தேஞ்சுபோயிருக்கு. ஒரு உறை செஞ்சு தர்றேன், போட்டுக்கிட்டுத் தூங்குங்க. காசெல்லாம் வேணாம்."

"வேணாம் சார். இப்ப நீங்க யாருக்கும் எதையும் சும்மா குடுக்கக்கூடாது" என்றார் வக்கீல். அப்போதுதான் அவர் முதல்முறையாகச் சிரித்தார். கையால் வாயை மறைத்துக்கொண்டு.

அம்மா சமையலறை மேடையில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "வைத்தியச் செலவுன்னு எழுது" என்றாள் கடைசியில். "உங்க அத்தைக்கு உடம்புக்கு முடியல, உதவியா குடுத்தோம்னு எழுது."

"உதவின்னாலும் அன்பளிப்பு கணக்குல வரும்மா. அதையும் கேட்டிருக்காங்க."

"அப்ப என்னதான்டி எழுதலாம் அதுல?"

"குடுத்ததை."

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். கத்துவாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் பேசினாள். "குடுத்துட்டுப் பிடுங்கறது குடுக்காம இருக்கறதைவிட மோசம். ஏழு வருஷம் பேசினாங்க. முழுசா குடுத்தா வாய் அடங்கும்னு நினைச்சேன். இனிமே சாகற வரைக்கும் பேச வழி பண்ணிக் குடுத்திருக்கேன், என் கையாலயே."

"லெட்டர் போறதுக்கு முன்னாடி யாராவது நேர்ல சொல்லணும்" என்றார் அப்பா. சொல்லிவிட்டுத் தன் நகத்திலிருந்த மாவைச் சுரண்டினார். அவரால் முடியாது என்பது தெரிந்தது. அம்மா சொன்னால் அது சண்டையில் முடியும்.

"நான் போறேன்" என்றேன்.

சுவர் பேசியதுபோல இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீ போயி என்னத்தைப் பேசுவே?" என்றார் அப்பா.

"படிவத்தைக் காட்டறேன்."

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்ததும் போனேன். இரண்டு பஸ் மாற வேண்டும். வழியெல்லாம் முதல் வாக்கியத்தை மனதுக்குள் எழுதி அடித்துக்கொண்டிருந்தேன். அத்தை இரண்டாம் மாடியில் தனியாக இருக்கிறாள். மாமா போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அழைப்பு மணியை அடித்ததும் உள்ளே ஏதோ தேடுகிற சத்தம் கேட்டது. பிறகு கதவு திறந்தது. அத்தை ஒரு துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"யாரு, மௌனச்சாமியா? என்ன அதிசயம். உள்ள வா. எனக்குக் கொஞ்சம் ஜலதோஷம், தள்ளியே உக்காரு."

அவளுடைய வீட்டில் எல்லாத் துணியும் மருத்துவமனைக் கணக்கில் மடிந்திருக்கும், ஓரம் வெளியே தெரியாமல். நாற்காலியில் அப்படி மடித்த ஒரு அடுக்கு இருந்தது. அதை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டு நான் உட்கார்ந்தேன். அத்தை துண்டுக்குள்ளிருந்தே பேசினாள். பஸ் கூட்டமா, அம்மா எப்படி இருக்கிறாள், உன் கூடத்தில் தண்ணீர் எல்லாம் நல்லாத்தான் இருக்கா. நான் பதில் சொல்லிக்கொண்டே எதையோ எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் எதை என்று புரிந்தது. அத்தை பேசினால் வாக்கியத்துக்கு நடுவே 'டக்' என்று ஒரு சத்தம் வரும். அவளுடைய மேல் பல் செட் லேசாக இறங்குவதும் அவள் நாக்கால் அதை ஏற்றிக்கொள்வதுமான சத்தம். சின்ன வயதில் நான் அதை அவள் பேச்சின் காற்புள்ளி என்றே நினைத்திருந்தேன். இன்று அது வரவில்லை.

படிவத்தை எடுத்துப் பதினான்காவது கேள்வியைத் திறந்து அவள் மடியில் வைத்தேன். அவள் வாசித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு பஸ்ஸில் எழுதிய வாக்கியம் எல்லாம் மறந்துபோய், "அப்பா மஞ்சக் கடுதாசி குடுக்கப் போறாங்க அத்தை" என்றேன். "உங்களுக்குக் குடுத்ததை இதுல எழுதணும். எழுதினா உங்களுக்கு லெட்டர் வரும். பணத்தைத் திரும்பக் கேப்பாங்க. எழுதலைன்னா அப்பாவோட கடன் தீராது, கேஸும் வரும். நீங்க லெட்டரைப் பாத்துத் தெரிஞ்சுக்கக்கூடாதுன்னுதான் வந்தேன்."

அத்தையிடம் நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. அவள் எழுந்து கட்டிலுக்குப் போனாள். நான் வைத்த அடுக்கிலிருந்து ஒரு துணியை உதறி விரித்து, மறுபடி மடித்தாள். அதையே இன்னொரு தடவை விரித்து மடித்தாள். ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு மறு கையால் செய்ததால் மடிப்பு கோணலாகவே வந்தது.

"தேதி கேக்கறான். தொகை கேக்கறான். நான் அந்தப் பணத்தை என்ன பண்ணேன்னு கேப்பானா?"

"கேக்கலாம் அத்தை."

அத்தை துண்டைக் கீழே இறக்கினாள். ஜலதோஷம் எதுவும் இல்லை. வாயைத் திறந்து காட்டினாள். வரிசையான, வெளிச்சமான பற்கள். அவள் முகமே கொஞ்சம் நீண்டுவிட்டதுபோல இருந்தது.

"எலும்புல ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருக்கு. கழட்ட முடியாது. வந்து எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அவள் சிரிப்பும் பாதியில் நின்றது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"முப்பது வருஷம்டி. ஈறு கெட்டு எல்லாப் பல்லும் போனப்ப எனக்கு முப்பத்தேழு வயசு. உங்கப்பன் அப்பத்தான் தொழில் கத்துக்கிட்டான். அவன் செஞ்ச முதல் முழு செட்டு என் வாய்க்குத்தான். அழுதுட்டான் அன்னிக்கு, நான் கண்ணாடி பாக்கறப்ப. அதுக்கப்புறம் நாலு தடவை மாத்திக் குடுத்தான், ஒரு காசு வாங்கினதில்ல. கடிக்க முடியலடான்னா, பழகிடும்க்கான்னுவான். நானும் பழகிடும் பழகிடும்னு முப்பது வருஷம் எல்லாத்தையும் நறுக்கித்தான் தின்னேன். அவன்கிட்ட போயி நல்லா இல்லன்னு எப்படிச் சொல்லுவே?"

கோணலாக மடித்த துணியை அத்தை தள்ளி வைத்தாள்.

"பணம் வந்த மூணாம் நாளே ஒரு பல் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டேன். எவன்கூடவோ ஓடிப்போறவ மாதிரி, தெருவை ரெண்டு பக்கமும் பாத்துட்டு. அங்க டாக்டரு சின்னப் பையன். கழட்டுங்கம்மான்னான். கழட்டித் தட்டுல வெச்சேன். எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்தான். யாரும்மா செஞ்சது, இவ்வளவு சுத்தமான கை வேலை இப்பல்லாம் பாக்கவே முடியறதில்லன்னான்." அத்தை துண்டின் ஓரத்தை விரலில் சுற்றினாள். "யாரோன்னுட்டேன். என் தம்பின்னு வாய் வரல. அதான் நான் அங்க வரல."

ஜன்னலுக்கு வெளியே யாரோ படியேறிப் போனார்கள். அத்தை அந்தச் சத்தம் முடியும்வரை காத்திருந்தாள்.

"அம்மா வேற மாதிரி நினைச்சிருக்காங்க" என்றேன்.

"காசு கைக்கு வந்ததும் வாசலை மறந்துட்டேன்னா?"

தலையாட்டினேன்.

"சொல்லட்டும். நான் பேசினதுக்கு அவளும் பேசணும்ல." படிவத்தை எடுத்து இன்னொரு தடவை பார்த்தாள். "நாலே கால் வாயில இருக்கு. ஒண்ணே முக்கால் பாங்கில இருக்கு. அதை முதல்ல எடுத்துக்கட்டும். மிச்சத்துக்கு பென்ஷன்லேர்ந்து மாசாமாசம் கட்டறேன்னு எழுதிக் குடுக்கறேன். ஒத்துக்குவானா?"

"தெரியல அத்தை. வக்கீலைக் கேக்கறேன்."

பென்ஷன் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். வாடகை போக எவ்வளவு நிற்கும் என்றும் தெரியும். அத்தையும் அந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. பிறகு நிறுத்திவிட்டுப் படிவத்தை என் கையில் கொடுத்தாள்.

"எழுதிடு. உங்கப்பன் கஷ்டமான கட்டத்தைக் காலியா விடறவன். நீ விடாத. பல்லு விஷயம் மட்டும் அவன்கிட்ட வாயைத் திறக்காத. வியாழக்கிழமை நானே வந்து திறக்கறேன்."

வியாழக்கிழமை நான் விடுப்பு எடுத்திருந்தேன். அப்பாவிடமும் அம்மாவிடமும் 'சொல்லிவிட்டேன், அத்தை வருவாள்' என்று மட்டும் சொல்லியிருந்தேன். அம்மா காலையிலிருந்து பட்டறையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மூலையிலிருந்த இயந்திரத்தின் மேல் ஒரு பழைய படுக்கை விரிப்பு போட்டிருந்தது. வக்கீல் சொன்னபடி, சொத்துப் பட்டியலுக்காக நான் எல்லாப் பொருளுக்கும் எண் எழுதி ஒட்டியிருந்தேன். இயந்திரம் ஒன்றாம் எண். கைக்கருவிகளை எடுக்காமல் விட்டுவிடுவார்கள் என்று வக்கீல் சொல்லியிருந்ததால் அவற்றுக்கு எண் இல்லை. அப்பா கைக்கருவிகளை மட்டும் தனியாக ஒரு தட்டில் அடுக்கி வைத்திருந்தார்.

பதினோரு மணிக்கு அத்தை வந்தாள். வாயைத் துண்டால் மூடியிருந்தாள். "வாங்க அண்ணி" என்று அம்மா உள்வாசலில் நின்றபடியே சொன்னாள். அத்தை தலையை மட்டும் அசைத்தாள். அப்பாவின் எதிரிலிருந்த முக்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து மேசையில் வைத்தாள்.

அப்பா திறந்து பார்த்தார். தான் செய்த செட்டைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்து, விரலால் ஓரத்தைத் தடவினார். "என்னக்கா, எங்கயாவது உடைஞ்சிருக்கா? நல்லாத்தானே இருக்கு."

"உடையல."

அத்தை துண்டை எடுத்துவிட்டு வாயைத் திறந்தாள்.

அப்பா மேசை விளக்கை இழுத்து அவள் முகத்துக்கு நேரே திருப்பினார். கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு மேலே பார்த்தார், கீழே பார்த்தார், கன்னத்தை ஒரு விரலால் விலக்கிக் கடைசிப் பல்வரை பார்த்தார். அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்ன நடக்கிறது என்பது அவளுக்கு இப்போதுதான் புரியத் தொடங்கியது.

"யாரு செஞ்சது?"

"யாரோ ஒரு பையன்" என்றாள் அத்தை. அவள் கண் கலங்கியிருந்தது. விளக்கு வெளிச்சமாகவும் இருக்கலாம்.

"அந்தப் பணத்துலயா?"

"அந்தப் பணத்துலதான்."

அப்பா பழைய செட்டை டப்பாவில் வைத்து மூடினார். மூடி சரியாக உட்காரவில்லை. இரண்டாம் முறை அழுத்தினார். "மேல முன்பல்லு நடுக்கோடு அரை மில்லிமீட்டர் இடது பக்கம் போயிருக்கு" என்றார்.

"முப்பது வருஷம் என்னை ஒரு பக்கமா மெல்ல வெச்சவன், அரை மில்லிமீட்டருக்கு வந்துட்டான் பேச."

அம்மா சிரித்துவிட்டாள். உடனே அடக்கிக்கொண்டாள். அத்தை அவள் பக்கம் திரும்பினாள்.

"சிரி, சிரி. இப்பவே சிரிச்சுக்கோ. லெட்டர் வந்தா எனக்குப் பணம் கட்டறதுக்கே நேரம் சரியா இருக்கும், இங்க வந்து பேச முடியாது."

"அண்ணி, நான் வேணும்னு..." அம்மா கதவு நிலையை விட்டு ஒரு அடி உள்ளே வந்தாள்.  "நான் முழுசாத்தான் குடுக்கச் சொன்னேன்."

"முழுசாத்தான் வந்துச்சு" என்றாள் அத்தை. "நீ சொன்னதாலதான் வந்துச்சு. இவன்கிட்ட விட்டிருந்தா மெழுகு வாங்கியிருப்பான்."

அம்மா உள்ளே போனாள். பாத்திரச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். அத்தை அதை வாங்கிக் குடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

நான் மேசையின் மறுமுனையில் படிவத்தை விரித்தேன். பென்சில் புள்ளியை ரப்பரால் அழித்தேன். பெயர். முகவரி. தேதி. தொகை. உறவுமுறைக் கட்டத்தில் 'அக்கா' என்று எழுதினேன். ஐந்து கட்டமும் நிரம்ப ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அதிகாரி மாசாமாசம் வாங்க ஒத்துக்கொள்வாரா என்று புதன்கிழமை வக்கீலிடம் கேட்டிருந்தேன். கேட்டுப் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லியிருந்தார்.

அப்பா எதையோ தேடிக்கொண்டிருந்தார். எண் ஒட்டாத தட்டிலிருந்து சிறிய இடுக்கியை எடுத்தார். அதில் ஒரு துண்டு நீலத் தாளைப் பிடித்தார். கார்பன் தாளைவிட மெல்லியது அது. செட்டுகளின் கடி சரியாக இருக்கிறதா என்று பார்க்க வைத்திருப்பது.

"வாயைத் திற."

"எதுக்குடா?"

"திறக்கா."

அத்தை திறந்தாள். அவர் தாளைப் பற்களுக்கு நடுவே வைத்தார்.

"கடி. நல்லா. இப்ப இந்தப் பக்கம் தள்ளிக் கடி. போதும்."

தாளை வெளியே எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தார். வாழ்நாள் முழுக்க அவர் அப்படிப் பிடித்துப் பார்த்திருக்கிறார். நானும் பார்த்தேன். பல் பட்ட இடத்தில் எல்லாம் நீலம் போய், வெளிச்சம் புள்ளி புள்ளியாக வரிசையில் தெரிந்தது. பின்னால் ஒரே ஒரு இடத்தில் தாளே ஓட்டையாகியிருந்தது.

"கடி நல்லா இருக்கு" என்றார் அப்பா, யாரிடமோ சொல்வதுபோல. பிறகு அத்தையிடம், "வலது பக்கம் பின்னால ஒரு இடம் உயரம். அப்படியே விட்டா வலிக்கும். அந்தப் பையன்கிட்ட போயித் தேய்க்கச் சொல்லு."

"நீயே தேச்சு விடேன்."

"வாய்க்குள்ள இருக்கறதைத் தேய்க்க நான் டாக்டர் இல்லக்கா."

இடுக்கியைத் தட்டில் வைத்தார். தாளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு பக்கத்தில் இருந்த இடத்தில், என் படிவத்தின் மேல், பதினான்காவது கேள்வியில் வைத்தார். மை இன்னும் காயவில்லை. நான் அதை எடுக்கவில்லை. அந்த ஓட்டையின் வழியாக நான் எழுதியதில் ஒரு எழுத்தின் சுழி மட்டும் தெரிந்தது.